கணினி அறைக் கதவில் ஒட்டிய அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள்

வாசிப்புக்கூட நிர்வாகக் குழுவினருக்கு,

சென்ற திங்கட்கிழமை மாலை ஆறரை மணிக்கு வழக்கம்போல் கணினி அறைக்கு வந்தேன். கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வரும் முதல் தேதியிலிருந்து அறை காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டும் திறந்திருக்கும். 18 வயது முதல் 25 வயது வரை உள்ளவர்கள், அதுவும் கல்லூரி அடையாள அட்டையோ போட்டித் தேர்வு நுழைவுச்சீட்டோ காட்டுபவர்கள் மட்டும் உள்ளே வரலாம். மாலை நேரம் ஒரு தனியார் பயிற்சி நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டுள்ளது என்று அதில் இருந்தது. கீழே கையெழுத்தும் முத்திரையும். மாலையில் வருகிற எங்களில் ஒருவரிடமும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கூடத்தின் பெயரை இந்த மடலில் எழுதவில்லை. இரண்டு வருடத்துக்கு மேலாக எனக்கு உட்கார ஒரு நாற்காலி கொடுத்த இடம் அது. ஊர் நடுவில் நிறுத்திக் குறை சொல்ல மனம் வரவில்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரியும். ஆனால் இந்த முடிவை ஏற்றுக்கொண்டு பேசாமல் வீட்டுக்குத் திரும்பவும் என்னால் முடியாது.

எனக்கு வயது 41. படித்தது பி.காம். கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். காலை எட்டரைக்குப் போனால் மாலை ஆறு மணிக்கு வெளியே வருவேன். மகள் பதினொன்றாம் வகுப்பு, மகன் ஏழாம் வகுப்பு. கணவருக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. வாரத்தில் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து ஆறரைக்கு உங்கள் கணினி அறையில் உட்காருவேன். ஒன்பது மணிக்குக் காவலர் அண்ணன் வந்து விளக்கை அணைக்கும்வரை அங்கேதான் இருப்பேன். இப்படி 27 மாதம். எத்தனை மணி நேரம் என்று ஒரு நோட்டில் குறித்து வந்திருக்கிறேன்: 611 மணி. கணக்கு எழுதுகிறவளின் பழக்கம் அது.

அந்த 611 மணி நேரத்தில் நான் புரோகிராமிங் கற்றுக்கொண்டேன். பிறகு மெஷின் லேர்னிங், அதாவது பழைய கணக்கைக் காட்டிக் கணினியையே கற்க வைப்பது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நானாகத்தான். அதில் என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் நீங்கள் எதை மூடுகிறீர்கள் என்பது உங்களுக்குப் புரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கம்பெனியில் ஒரு பார் ஐஸ் உறைய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். நாளைக்கு எத்தனை பார் தேவை என்பதை இன்றைக்கே முடிவு செய்தாக வேண்டும். குறைவாகப் போட்டால் படகுக்காரர்கள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள். அதிகமாகப் போட்டால் கரண்ட் பில்லும் போச்சு, ஐஸும் உருகும். முதலாளி தினமும் சாயங்காலம் என்னிடம் வந்து, "நாளைக்கு எவ்வளவும்மா போடலாம்?" என்று கேட்பார். நான் பேரேட்டைப் புரட்டி ஒரு எண் சொல்வேன். சில நாள் சரியாக இருக்கும், சில நாள் நூறு பார் தப்பும். என்னிடம் மூன்று வருடக் கணக்கு தேதி வாரியாக இருந்தது. இத்தனை எழுதி வைத்தும் நாளைக்கு எவ்வளவு என்று சொல்லத் தெரியவில்லையே என்கிற குறைதான் என்னை உங்கள் அறைக்குக் கொண்டுவந்தது.

முதல் மாதம் போனில் படித்துப் பார்த்தேன். பைத்தான் என்ற நிரல் மொழியில் ஒரு வரி எந்தக் கட்டளைக்குள் அடங்குகிறது என்பதை வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிதான் சொல்லும். போன் கீபோர்டில் நாலு ஸ்பேஸ் தட்டி, முக்காற்புள்ளியைத் தேடி, அடைப்புக்குறியைத் தேடி எழுதுவதற்குள் என்ன நினைத்தோம் என்பதே மறந்துவிடும். ஒரு இடைவெளி தவறினாலும் சிவப்பாக எர்ரர் வரும். அதுவும் ஆங்கிலத்தில் பத்துப் பதினைந்து வரி. மேலிருந்து படித்துப் படித்துத் தலை சுற்றியது. எர்ரரைக் கீழிருந்து படிக்க வேண்டும், கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது என்று எனக்குத் தெரிய மூன்று வாரம் ஆனது. அதைச் சொன்னதும் உங்கள் அறையில் பக்கத்து நாற்காலியில் வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பிதான். அவன் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். அப்புறம் அவன் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டான். அந்த ஒரு வாக்கியம் போனில் எனக்குக் கிடைத்திருக்காது.

அடுத்து வந்தது தமிழ். எங்கள் பேரேட்டில் படகுப் பெயரெல்லாம் தமிழில்தான் இருக்கும். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று பைத்தானைக் கேட்டால் ஐந்து என்று சொல்லும். நமக்கு மூன்று. த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று அது தனித்தனியாக எண்ணுகிறது. இதுவாவது பரவாயில்லை. 'சொர்ணம்' என்று ஒரு படகு. ஒரே பெயர்தான், ஆனால் பாதிக் கணக்கு ஒரு பக்கமும் மீதி இன்னொரு பக்கமும் போய் விழுந்தது. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தன. மூன்று சாயங்காலம் அதிலேயே போயின. 'சொ' என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை, எழுத்துகளைக் கணினியில் பதியும் யூனிகோடு முறையில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என இரண்டு குறியாகவும் எழுதலாம்; கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு வேறு. என் பழைய கணக்கில் பாதியை ஒரு விசைப்பலகையிலும் மீதியை இன்னொன்றிலும் தட்டியிருந்தோம். இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர 'நார்மலைஸ்' என்று ஒரு கட்டளை பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. அதை இட்டதும் சொர்ணம் ஒன்றானது. அன்று ராத்திரி பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆங்கிலத்திலேயே கணக்கு வைத்திருப்பவர் ஒருவர் எழுதிய பாடத்தில் இது வராது. நம் ஊர்ப் பேரேட்டை வைத்துக்கொண்டு நாமே உட்கார்ந்தால்தான் கிடைக்கும்.

பிறகு மெஷின் லேர்னிங். பழைய கணக்கைக் கொடுத்து, அதிலிருந்து நாளைய எண்ணைச் சொல்லும் ஒரு மாடலைப் பழக்க வேண்டும். சைகிட்-லேர்ன் என்ற இலவச நிரல் தொகுப்பில் அதற்கு ஏழெட்டு வரிதான் எழுத வேண்டும். ஒரு பகுதிக் கணக்கில் பழக்கி, மாடல் பார்த்திராத மீதிக் கணக்கில் சோதித்துப் பார்க்க வேண்டும். என் முதல் மாடல் நூற்றுக்கு 98 சரி என்பதுபோல மதிப்பெண் வாங்கியது. நான் வீட்டில் பிள்ளைகளிடம்கூடச் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் கழித்துத்தான் விளங்கியது. நான் கொடுத்த பட்டியலில் 'அன்றைய விற்பனைத் தொகை' என்று ஒரு பத்தி, அதாவது நெடுவரிசை, இருந்தது. தொகை தெரிந்தால் எத்தனை பார் என்று யார் வேண்டுமானாலும் வகுத்துச் சொல்லிவிடலாம். நாளைய தொகை இன்றைக்கு யாருக்குத் தெரியும்? விடைத்தாளைக் கையில் கொடுத்துப் பரீட்சை வைத்திருக்கிறேன். அந்தப் பத்தியை எடுத்ததும் மதிப்பெண் தரைக்கு வந்தது.

அப்புறம் நாட்களைக் குலுக்கிப்போட்டுச் சோதித்ததும் தவறு என்று தெரிந்தது. நேற்றையும் நாளையும் காட்டிவிட்டு இன்றைக்கு எவ்வளவு என்று கேட்பதில் அர்த்தமில்லை; பழைய வருடத்தில் பழக்கிப் புது வருடத்தில் சோதிக்க வேண்டும். அப்படிச் செய்தால், 'போன வாரம் இதே கிழமையில் எவ்வளவோ அவ்வளவே' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதிடம்கூட என் மாடல் நாலு மாதம் தோற்றது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும், ஃபைபர் படகுகள் மட்டும் போய்வரும். மாடலுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? ஜனவரியில்கூட அந்தக் குறைந்த விற்பனையை மனதில் வைத்துக்கொண்டு எண்ணைக் குறைத்துச் சொன்னது. தடைக்காலம் உண்டா இல்லையா என்று ஒரு பத்தி சேர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, அமாவாசை, பௌர்ணமி சேர்த்தேன். அமாவாசை பௌர்ணமியைச் சேர்க்கச் சொன்னது படகுக்கார அண்ணன் ஒருவர், எந்தப் பாடமும் இல்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு இரண்டு நாள் முன்னதாக என் மாடல் 240 பார் போடச் சொன்னது. அந்த வாரம் ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. அதன் பிறகு துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணையும் தினமும் சேர்க்கத் தொடங்கினேன். நான் வாயால் சொன்ன காலத்தில் சராசரியாக ஒரு நாளைக்கு 60 பார் தப்பியது, இப்போது 34 ஆகக் குறைந்திருக்கிறது. முதலாளி இப்போதும் சாயங்காலம் கேட்கிறார். நான் இப்போதும் பேரேட்டைப் பார்க்கிறேன், கூடவே மாடல் சொல்வதையும் பார்க்கிறேன்.

இதையெல்லாம் என் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒவ்வொரு தவறும் திருந்த எத்தனை சாயங்காலம் ஆனது என்று கவனியுங்கள். படிப்பு நடந்ததே அந்தத் தவறுகளில்தான். அதற்கு எனக்கு வேண்டியிருந்தது ஒரு மேஜை, ஒரு திரை, இடையில் யாரும் கூப்பிடாத இரண்டரை மணி நேரம், அது வாரத்தில் மூன்று முறை தவறாமல் வருவது. உங்கள் அறிவிப்பு எடுத்துக்கொள்வது இதைத்தான்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். பொறுப்பில் இருப்பவர் மரியாதையாகவே பேசினார். அவர் சொன்ன காரணங்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. காரணங்களை ஏற்க முடியவில்லை.

"எல்லாம் யூடியூபில் இருக்கிறதே, வீட்டில் போனிலேயே படிக்கலாமே" என்றார். இருக்கிறது, நானும் அங்கிருந்துதான் எடுத்தேன். 2011இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ இங் தன் மெஷின் லேர்னிங் வகுப்பை இணையத்தில் எல்லோருக்கும் திறந்தபோது ஒரு லட்சம் பேருக்கு மேல் பதிவு செய்தார்கள். நம் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் என்பிடெல் என்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க வேண்டுமென்றால்தான் கட்டணம். பாடத்துக்குப் பஞ்சமே இல்லை ஐயா. உட்கார்ந்து படிக்கத்தான் இடமும் நேரமும் இல்லை. எங்கள் வீடு ஒரு ஹாலும் ஒரு அறையும். வீட்டில் நான் ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் சும்மா இருக்கிறேன் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். பால்காரர், கேஸ், மாமியாரின் மாத்திரை, மகனின் நோட்டுப் புத்தகம் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்திருக்க வேண்டும். ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு லூப்புக்குள் என்ன நடக்கிறது என்பதை மனதில் பிடித்து வைத்துக்கொள்ளவே இருபது நிமிடம் அசையாமல் உட்கார வேண்டியிருக்கிறது. எழுந்து திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து. அக்கா ஒருத்தி மாலையில் உங்கள் அறைக்கு வருகிறாள், அவளும் என்னைப்போலத்தான். "இங்கே வந்தால்தான் நான் படிக்கிறேன் என்று வீட்டில் நம்புகிறார்கள்" என்று சொன்னாள். உண்மை அது.

"சரி, ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் வேண்டுமானால் பார்க்கலாம்" என்றார். வாரத்துக்கு ஒருமுறை என்றால் ஆறு நாள் இடைவெளி. இந்த வயதில் ஆறு நாளில் எனக்கு முக்கால்வாசி மறந்துவிடுகிறது. மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் சமயத்தில் பத்து நாள் வர முடியாமல் போனால், திரும்பி வந்து பழைய இடத்தைப் பிடிக்கவே இரண்டு சாயங்காலம் ஆகிறது. அதனால்தான் ஒவ்வொரு நாளும் எழுந்து போகுமுன் 'அடுத்த முறை இங்கிருந்து தொடங்கு' என்று ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் அந்த வரி உதவுகிறது. ஒரு வாரம் ஆனால் அந்த வரியே யாரோ எழுதியதுபோல இருக்கிறது. வேலைக்குப் போகிறவருக்கு மொத்த நேரத்தைவிட இடைவெளி முக்கியம். இதை 27 மாதம் நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

"இந்தப் பழைய கணினிகளில் ஏஐ எல்லாம் ஓடாது, பயிற்சி நிறுவனம் புதிதாகக் கொண்டுவரும்" என்றார். கூகுள் கோலாப் என்று ஒன்று இருக்கிறது. பிரவுசரில் திறந்து நாம் எழுதினால் ஓடுவது கூகுளின் கணினியில். நம்மிடம் இணையம் மட்டும் இருந்தால் போதும், காசு கட்ட வேண்டாம். என் மூன்று வருடக் கணக்கு மொத்தமே ஆயிரத்துச் சொச்சம் வரி. அதற்கு நான் உட்காரும் ஏழாம் எண் கணினியே ஒரு நொடியில் பதில் சொல்லிவிடுகிறது.

பயிற்சி நிறுவனத்தைப் பற்றி. அவர்களுடைய நோட்டீஸைப் படித்தேன். 60 நாளில் ஏஐ நிபுணர், வேலை உறுதி, கட்டணம் 28,000 ரூபாய். பாடத்திட்டத்தில் பைத்தானுக்கு ஐந்து நாள். அவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்று எனக்குத் தெரியாது. எனக்கு லூப்பும் லிஸ்டும் கைக்கு வர ஆறு வாரம் ஆனது என்பது தெரியும். மாலையில் எங்களோடு உட்காரும் ஒரு நர்ஸ் தங்கை இதுபோல வேறொரு இடத்தில் நகையை அடகு வைத்துப் பணம் கட்டி, சட்டம் போட்ட சான்றிதழோடு வெளியே வந்தவள். ஒரு பட்டியலில் எத்தனை பேருக்குச் சர்க்கரை அளவு அதிகம் என்று எண்ணும் நிரலை அவளால் தானாக எழுத முடியவில்லை. உங்கள் அறையில் உட்கார்ந்து முதலிலிருந்து தொடங்கினாள், இப்போது எழுதுகிறாள். இலவசமாக நடப்பதை நிறுத்திவிட்டு அதே நேரத்தில், அதே அறையில், 28,000 ரூபாய்க்கு ஒன்றை வைப்பதற்கு இந்தக் கூடம் ஏன் துணை போக வேண்டும்?

கடைசியாக ஒரு வார்த்தை சொன்னார். அதுதான் என்னை இந்த மடல் எழுத வைத்தது. "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா அம்மா, சின்னப் பிள்ளைகளுக்கு வழி விடுங்களேன்."

என் அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. 1990களின் தொடக்கத்தில், பெரியவர்களுக்கு எழுத்தறிவு சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் எங்கள் தெருவுக்கு வந்தது. பகலெல்லாம் மீன் கூடை சுமந்துவிட்டு, ராத்திரி எட்டு மணிக்குத் தெரு விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தாள். நானும் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். அப்போது அவளுக்கு ஏறக்குறைய இன்றைய என் வயது. அந்த வருடத்திலிருந்து ரேஷன் கடையில் கைநாட்டு வைக்கவில்லை, கையெழுத்துப் போட்டாள். பஸ்ஸில் ஊர்ப் பெயரை யாரையும் கேட்காமல் ஏறினாள். அந்த வகுப்பைப் பகல் பத்து மணிக்கு வைத்திருந்தால் அவள் ஒரு எழுத்தும் கற்றிருக்க மாட்டாள். வேலைக்குப் போகிறவர்களுக்குப் படிப்பு ராத்திரியில்தான் என்பதை அன்றைக்கு அறிவொளியில் சொல்லிக்கொடுத்த இளைஞர்கள் புரிந்து வைத்திருந்தார்கள்.

நம் மாவட்டத்தில்தான் வடலூர் இருக்கிறது. 1867இல் வள்ளலார் ஏற்றிய தருமச்சாலை அடுப்பு இன்றைக்கும் எரிகிறது. அங்கே இலை போடுமுன் யாரும் வயது கேட்பதில்லை. ஐஐடி மெட்ராஸ் 2020இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் இணையவழிப் பட்டப்படிப்பிலும் வயது வரம்பு கிடையாது. வேலையில் இருப்பவர்களும் சேர்ந்து படிக்கிறார்கள். பன்னிரண்டு கணினி உள்ள ஒரு அறைக்கு எதற்கு 25 வயது என்ற கோடு?

சின்னப் பிள்ளைகளின் இடத்தை நாங்கள் பிடித்துக்கொள்ளவில்லை என்பதற்கும் ஆதாரம் தருகிறேன். மேஜை மேல் இருக்கும் வருகைப் பதிவேட்டின் கடந்த மூன்று மாதப் பக்கங்களை, பொறுப்பாளரின் அனுமதியோடு, நானும் அந்த நர்ஸ் தங்கையும் தட்டச்சு செய்து ஒரு சின்ன நிரலில் போட்டு எண்ணினோம். காலை பத்து முதல் ஐந்து வரை எந்த நேரத்தில் பார்த்தாலும் சராசரியாக நாலு பேர். மாலை ஆறரைக்கு மேல் சராசரியாகப் பதினொரு பேர். அறையில் இருப்பது 12 கணினி. மாலையில் தொடர்ந்து வருகிறவர்களில் 26 வயதைத் தாண்டியவர்கள் 19 பேர். மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் 52 வயது அண்ணன் ஒருவர், எந்தக் கம்பெனி மோட்டார் எத்தனை மாதத்தில் திரும்பி வருகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை வருகிறார், பண்ருட்டியிலிருந்து முந்திரிக் கம்பெனிக் கணக்காளர் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸில் வந்து போகிறார். கல்லூரிப் பிள்ளைகள் மாலையில் வந்து இடமில்லாமல் நின்ற நாட்கள் மூன்று மாதத்தில் ஐந்து. அந்த ஐந்து நாளும் எங்களில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்திருக்கிறோம். இந்த எண்ணிக்கையின் அச்சுப் பிரதியை இதோடு இணைத்திருக்கிறேன். பதிவேட்டை நீங்களும் எண்ணிப் பார்க்கலாம்.

செலவு ஒரு காரணம் என்றால் அதையும் பேசுவோம். 12 கணினி, ஆறு மின்விசிறி, நாலு டியூப் லைட் இரண்டரை மணி நேரம் ஓடினால் ஐந்து யூனிட்டுக்குச் சற்று மேல். மாதம் 26 நாள் என்றாலும் 135 யூனிட்டுக்குள் அடங்கும். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று கூட்டியே வைத்தாலும் 1,350 ரூபாய். காவலர் சம்பளம் தனியாக வராது. பத்திரிகை படிக்கும் கூடம் எப்படியும் ஒன்பது மணி வரை திறந்திருக்கிறது, அவர் அங்கேதான் இருக்கிறார். நாங்கள் 19 பேரும் பேசிவிட்டோம். ஆளுக்கு மாதம் நூறு ரூபாய் கொடுக்கத் தயார். முடியாதவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களுடையதை மற்றவர்கள் சேர்த்துக் கட்டுவோம்.

ஆகவே குழுவினரிடம் கேட்பது இவை. வயது வரம்பையும் அடையாள அட்டை நிபந்தனையையும் முழுவதுமாக நீக்குங்கள். பெயரும் கையெழுத்தும் பதிவேட்டில் இருந்தால் போதும் என்ற பழைய முறையே இருக்கட்டும். திங்கள், புதன், வெள்ளி ஆறரை முதல் ஒன்பது வரை கணினி அறையைப் பொதுமக்களுக்குத் திறந்து வையுங்கள். பயிற்சி நிறுவனத்துக்கு இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் மீதி மூன்று நாளைக் கொடுங்கள், அல்லது கூட்டமில்லாத காலை நேரத்தைக் கொடுங்கள். ஆனால் அவர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். வாடகை எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு, நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை உண்டா என்பது ஊருக்குத் தெரிய வேண்டும். எங்கள் நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு ரசீது கொடுங்கள். இனி கணினி அறையைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில் மாலையில் வருகிறவர்களில் ஒருவரையும் உட்கார வையுங்கள்.

முதல் தேதிக்கு முன்னால் எழுத்தில் பதில் வேண்டும். அதற்கு முன் வரும் வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்கு, குழுவில் ஒருவராவது கணினி அறைக்கு நேரில் வாருங்கள். நாங்கள் 19 பேரும் அங்கே இருப்போம். ஒவ்வொருவரும் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதை அவரவர் திரையிலேயே காட்டுகிறோம்.

இப்படிக்கு,
ஏழாம் எண் கணினியில் உட்காருபவள்,
கடலூர் முதுநகர்